மெழுகுவத்தி எரிகிறது என்பதற்காகத் தொட்டிக்குள் இறங்காதீர்கள்

சில வருடங்களுக்கு முன்பு, அறுவடை மும்முரத்தில், ஒரு சின்னத் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே இருக்கும் பொஜொலே பகுதியில் ஒவ்வொரு தோட்டமாகப் போய், திராட்சை மதுவாக நொதிப்பது எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சாறு வடித்துவிட்ட, பழக்குலைகள் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் இறங்க ஒருவர் தயாராக நின்றார். கயிற்றில் கட்டிய மெழுகுவத்தியை உள்ளே விட்டிருந்தார், அது நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. "பாருங்க, எரியுது, ஒண்ணும் பயமில்லை" என்றார். நான் வாயு அளக்கும் கருவியை நீளக்குழாயோடு உள்ளே விட்டுப் பார்த்தேன். நொதிக்கும்போது வருகிற கரியமில வாயு 6 சதவீதம். நீளக்கம்பால் பழத்தைக் கொஞ்சம் கிளறிவிட்டு மறுபடி பார்த்தால் 11. அப்போதுதான் மெழுகுவத்தி அணைந்தது.

நாம் சுவாசிக்கும் காற்றில் இந்த வாயு 0.04 சதவீதம்தான். ஐரோப்பாவில் வேலையிடத்தில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்பு 0.5. நாலு சதவீதத்திலேயே மூச்சு வாங்கும், தலை இடிக்கும். பத்தில் ஆள் சில நிமிடங்களில் நினைவிழப்பார். மெழுகுவத்தி அணைவதும் ஏறக்குறைய அந்த எட்டு, பத்து சதவீதத்தில்தான். சுடர் அணைகிற அளவும் மனிதர் சாய்கிற அளவும் ஒன்றாக இருக்கும்போது அந்தச் சுடரை நம்பி எப்படி இறங்குவது? தாத்தா காலத்திலிருந்து செய்கிறோம் என்கிறார்கள். செய்து செத்தவர்களும் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள்.

நொதித்தல் நடக்கிற எல்லா ஊரிலும் இந்த வாயு உண்டு. ஆனால் பொஜொலேயில் மதுவைச் செய்யும் முறையே அதை நம்பித்தான் இருக்கிறது, அது மண்ணிலிருந்தே தொடங்குகிறது. இந்தப் பகுதியின் வடக்குக் குன்றுகள் பெரும்பாலும் கிரானைட். உதிர்ந்து மணலாகிப்போன, சத்துக் குறைந்த, புளிப்பு மண். மொர்கோன் என்ற இடத்தில் பி குன்றின் மண்ணை 'அழுகிய பாறை' என்றே உள்ளூரில் சொல்வார்கள், கையில் எடுத்து நசுக்கினால் பொடியாகிவிடும். பக்கத்து ப்ரூயி குன்றில் நீலநிறப் பாறை. முலான்-ஆ-வான் என்ற இடத்து மண்ணில் மாங்கனீசு உண்டு, அங்கே விளையும் மது பத்து வருடம் வைத்திருந்தாலும் தாங்கும். தெற்கே போனால் சுண்ணாம்பும் களிமண்ணும், வீடுகள்கூடப் பொன்னிறக் கல்லில்.

இங்கே ராஜா காமே என்ற கறுப்புத் திராட்சை. 1395-இல் பர்கண்டியின் கோமகன் துணிச்சல்கார ஃபிலிப் இந்தக் கொடியைப் பிடுங்கியெறியச் சொல்லி ஆணையே போட்டார். அளவுக்கு மீறிக் காய்க்கிற கொடி அது. ஆனால் இந்த வறண்ட கிரானைட் மண் அதை அடக்கிவைக்கிறது, அதனால்தான் பழத்துக்கு இவ்வளவு மணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த மணத்தைக் காப்பாற்றத்தான் இங்கே கையால் பறிக்கிறார்கள். குலையைக் காம்போடு, நசுக்காமல், அப்படியே தொட்டியில் கொட்டுவார்கள். அடியில் உள்ள பழம் மேல்பாரத்தில் நசுங்கிச் சாறு விட்டு நொதிக்கத் தொடங்கும், அதிலிருந்து வரும் கரியமில வாயு தொட்டி முழுக்க ஏறி ஆக்சிஜனை வெளியே தள்ளும். மேலே முழுசாக இருக்கும் பழங்கள் மூச்சுக்குக் காற்றில்லாமல் தோலுக்குள்ளேயே தானாக நொதிக்கும். கொஞ்சம் சாராயச் சத்து, புளிப்பில் பெரிய குறைவு, ராஸ்பெரி வாசம், சில நேரம் வாழைப்பழ வாசம். உலகமே நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை திறக்கிற 'பொஜொலே நூவோ' என்ற புது மது இப்படி வருவதுதான்.

அந்தத் தேதிக்குப் புது மதுவைப் புட்டியில் அடைத்தாக வேண்டும் என்பதால் தொட்டியை நாலைந்து நாளிலேயே காலிசெய்யத் தொடங்குவார்கள். சாற்றை வடித்தாலும் உள்ளே மலைபோல் குலைகள் நிற்கும், அவற்றில் சர்க்கரை இன்னும் தீரவில்லை, நொதித்தலும் நிற்கவில்லை. அவற்றைப் பிழிபொறிக்கு வாரிவிட ஆள் இறங்குகிறார். வார வார, பழங்களுக்கு நடுவே அடைபட்டிருந்த வாயு கிளம்பி வரும். காலையில் அளந்த அளவு அரைமணி கழித்துச் செல்லாது.

ஒரு லிட்டர் சாறு முழுக்க நொதித்தால் 40 லிட்டருக்கு மேல் வாயு. 5000 லிட்டர் தொட்டி ஒன்றே, பத்து மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரக் கூடத்தைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தண்ணீர் மாதிரி படியிறங்கி நிலவறையில் தேங்கும். அறுவடை நேரத்தில் குழந்தைகளும் நாய்களும் கூடத்தில் ஓடுவதைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது, அவர்கள் மூக்கு தரைக்குத்தான் பக்கம்.

ஆக்சிஜன் மட்டும் அளக்கிற கருவியை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒன்று: கரியமில வாயு 10 சதவீதம் இருக்கும்போதுகூட ஆக்சிஜன் 21-இலிருந்து 19-க்குப் பக்கத்தில்தான் இறங்கியிருக்கும். கரியமில வாயுவையே அளக்கும் கருவி வேண்டும், அது இறங்குபவர் மார்பில் இருக்க வேண்டும். துணி மாஸ்க், வடிகட்டி மாஸ்க் எதுவும் இதற்கு ஆகாது. தொட்டியின் அடிவரை குழாய் போட்ட காற்றூதி, இறங்குவதற்கு முன் மட்டுமல்ல, வேலை முடியும்வரை ஓட வேண்டும். இறங்குபவர் உடம்பில் கட்டுவாரும் கயிறும் வேண்டும், தொட்டியின் வாயருகே ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த ஒருவர் எது நடந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது. விழுந்தவரைத் தூக்க அண்ணன் குதிப்பார், அண்ணனைத் தூக்க அப்பா குதிப்பார், இப்படித்தான் ஒரு தொட்டியில் ரெண்டு மூணு உயிர் போகிறது. கயிற்றை இழுங்கள், காற்றூதியை அவர் பக்கம் திருப்பிவிடுங்கள், இங்கே அவசர எண்களான 18-க்கோ 112-க்கோ கூப்பிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் தூக்கிவிடலாம் என்று தோன்றும், எழுபது கிலோ ஆளை வழுக்கும் பழத்தின் மேல் நின்று தூக்கவே முடியாது.

சரி, அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் காற்றூதியைக் கொண்டுவர ஒரு மணி நேரம், ஓடவிட்டுக் காத்திருந்தது இன்னும் ஒரு மணி. இறங்க நின்றவருக்கு எரிச்சல்தான், மறைக்கவும் இல்லை. அப்புறம் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினார், அவர் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே நின்றார். மாலையில் பிழிபொறியிலிருந்து முதல் சாறு வந்தது, பாதி நொதித்த, தேன்போல் இனிக்கிற சாறு, இங்கே அதற்கு 'பராதி' (paradis), அதாவது சொர்க்கம், என்று பெயர். ஒரு குவளை பிடித்து முதலில் மனைவியிடம் நீட்டினார், அப்புறம் என்னிடம்.