பழைய பைன் தளப்பலகைகள்: இயந்திரம் வீட்டுக்குள் வருவதற்கு முன்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வால்தம்ஸ்டோ போன்ற பகுதிகளில் நம்மவர்கள் வாங்கும் வீடுகள் பலவும் விக்டோரியா, எட்வர்ட் ஆட்சிக் காலங்களில் வரிசையாகக் கட்டப்பட்டவை. அவற்றின் தரைவிரிப்பைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் நூறாண்டு தாண்டிய பைன் பலகைகள் இருக்கும். பால்டிக் கரையோர நாடுகளிலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கப்பலில் வந்த மரம் அது. குளிர்நிலத்தில் மெல்ல வளர்ந்ததால் அதன் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இன்று கடையில் விற்கும் பைன் அதற்கு ஈடாகாது. தேய்த்து மெருகேற்ற வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பே. ஆனால் வார இறுதிக்குத் தேய்ப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து உடனே தேய்க்கத் தொடங்குவதைத்தான் நான் திரும்பத் திரும்பத் தடுக்க வேண்டியிருக்கிறது.

முதல் காரணம் ஈயம். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் தாராளமாகக் கலக்கப்பட்டது; பிரிட்டனில் பொதுமக்களுக்கு அதை விற்பது 1992-இல்தான் தடைசெய்யப்பட்டது. பலகையின் ஓரத்திலும், மாடிப்படியிலும், சுவரடிப் பலகையிலும் படிந்திருக்கும் பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் வீடு முழுவதும் பரவி, தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போய்ச் சேரும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறைந்த அளவு ஈயமும் பாதிக்கும் என்பதால், இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை. நிறம் மாறிக் காட்டும் சோதனைக் குச்சிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஐயம் தீராவிட்டால் ஒரு சில்லைச் சுரண்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயம் இருப்பது உறுதியானால் பெயிண்டை உரிக்கும் பசையைத் தடவி, ஈரம் உலராமல் சுரண்டி எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது.

அறையின் நான்கு ஓரங்களிலும் கறுப்புப் பட்டை ஒன்றைப் பல வீடுகளில் காணலாம். அந்தக் காலத்தில் நடுவில் மட்டும் விரிப்பைப் போட்டு, வெளியே தெரிந்த ஓரப் பலகைகளுக்குக் கருஞ்சாயமோ தாரோ பூசினார்கள். தார் உள்ள இடத்தில் உப்புத்தாளை வைத்தால் சூட்டில் அது இளகித் தாளை அடைத்துவிடும்; முதலில் சுரண்டி எடுப்பதே வழி. பிற்காலத்தில் ஒட்டப்பட்ட தள ஓடுகளும் அவற்றின் கறுப்புப் பசையும் வேறு கதை. அவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம்; அது 1999-இல்தான் பிரிட்டனில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய ஓடு எதையும் சோதிக்காமல் உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

அடுத்து பலகையின் உடல்நிலை. உளுத்த இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவுத் துளைகள் தெரியும். துளை இருப்பதாலேயே பூச்சி இருப்பதாகப் பொருளில்லை. துளையின் வாயில் வெளிர்மஞ்சள் நிறப் புதுத்தூள் உதிர்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். கூர்மையான திருப்புளியால் குத்திப் பார்த்தால் இற்றுப்போன மரத்தில் அது எளிதில் இறங்கிவிடும். இற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சுவரின் காற்றுத்துளைச் செங்கற்களை மண்ணோ புதுத்தளமோ மூடிவிட்டதுதான். பலகைக்கு அடியில் காற்று ஓடாவிட்டால் அதைத் தாங்கும் மரச்சட்டங்களில் ஈரம் தங்கும். அதைச் சரிசெய்யாமல் மேலே எவ்வளவு மெருகேற்றினாலும் பயனில்லை. மாற்றுப் பலகை தேவைப்பட்டால் பழைய மரம் விற்கும் இடத்தில் அதே அகலத்திலும் தடிமனிலும் தேடி வாங்குங்கள்.

தளர்ந்த பலகையை இறுக்கும்போது அடியில் நீர்க்குழாயும் மின்கம்பியும் போவதை மறக்கக் கூடாது. பழைய ஆணித்தடத்திலிருந்து விலகி ஆணி அடிப்பது ஆபத்து. எல்லா ஆணித்தலைகளையும் பலகை மட்டத்துக்குக் கீழே மூன்று மில்லிமீட்டராவது இறக்கிவிட வேண்டும். வெளியே நிற்கும் ஒரு தலை தாளைக் கிழிப்பதோடு தீப்பொறியையும் எழுப்பும்.

தேய்ப்பில் அளவோடு நிற்பதே கைத்திறன். பைன் மென்மரம், கனமான உருளை இயந்திரத்தை ஓடும் நிலையில் ஒரு நொடி நிறுத்தினாலும் குழி விழுந்துவிடும், அந்தக் குழியை மட்டப்படுத்த அறை முழுவதும் மரத்தை இழக்க வேண்டிவரும். சொரசொரப்பான நாற்பதாம் எண் உப்புத்தாளில் தொடங்கி, அதைவிட மென்மையான எண்பது, நூற்றிருபது என்று ஏறினால் போதும். பழைய பள்ளங்களும் கறைகளும் எல்லாம் மறைய வேண்டியதில்லை; அவை இருப்பதே தரைக்கு அழகு என்பது என் கருத்து. இடைவெளிகளை மரத்தூள் கலந்த மக்கால் அடைத்தால் பருவந்தோறும் பலகை சுருங்கி விரியும்போது அது உதிர்ந்துவிடும். பைன் கீற்றுகளைச் சீவிப் பசையிட்டுச் செருகுவதே நெடுநாள் நிற்கும்.

எண்ணெய் சார்ந்த வார்னிஷ் பைனை நாளடைவில் ஆரஞ்சு நிறமாக்கும். வெளிர்நிறம் வேண்டுவோருக்கு நீர் சார்ந்த பூச்சு ஏற்றது. எண்ணெய்ப் பூச்சைத் தேர்ந்தால், துடைத்த துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காய்கையில் வெளிப்படும் வெப்பத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும்; விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது நீரில் நனைத்து மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் போடுங்கள். இயந்திரப் பையில் நிறைந்த மரத்தூளும் உள்ளுக்குள் கனன்று பற்றக்கூடியதே. அதை அன்றன்றே வீட்டுக்கு வெளியே காலிசெய்துவிட வேண்டும். இரவில் கூடத்தில் விட்டுவைக்கக் கூடாது.