கடற்படைத் தலைவர் இடித்த வானாய்வகம்

1580 ஜனவரி 22. இஸ்தான்புல்லின் தோப்ஹானே மேட்டில் இருந்த வானாய்வகத்தை உஸ்மானியக் கடற்படைத் தலைவர் கிலிச் அலி பாஷா இடித்துத் தள்ளினார். ஆணையிட்டவர் சுல்தான் மூன்றாம் முராத். சில ஆண்டுகளுக்கு முன் அதைக் கட்டப் பணம் கொடுத்தவரும் அவரேதான்.

கட்டுவதற்குத் தக்க காரணம் இருந்தது. புழக்கத்திலிருந்த வான் அட்டவணைகள் 15ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் சமர்கந்தில் அரசரும் வானியலாளருமான உலுக் பேக் தயாரித்தவை. அவற்றில் பிழைகள் சேர்ந்துவிட்டன, புதிதாக அளந்தாக வேண்டும் என்றார் அரண்மனையில் வானியலும் சோதிடமும் பார்த்த தலைமைக் கணியர் தகியுத்தீன். டமாஸ்கஸில் பிறந்த அவர், கடிகாரம் செய்வதிலும் கைதேர்ந்தவர்.

அந்தக் கைத்திறன் இங்கே வேலைக்கு வந்தது. வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதுபோல் நமக்குத் தோன்றுகிறது. அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. 4 வினாடிக்கு, பாகையில் அறுபதில் ஒரு பங்கு. தலைக்கு மேலே தெற்கு வடக்காகச் செல்லும் கற்பனைக் கோடுதான் உச்சிக்கோடு. இரு விண்மீன்கள் அதைக் கடக்கும் நேரங்களைக் குறித்துக்கொண்டால், அவற்றுக்கிடையிலான கிழக்கு மேற்குக் கோணம் அந்த இடைவெளியிலிருந்தே கிடைத்துவிடும். மணி மட்டும் காட்டும் கடிகாரம் இதற்கு உதவாது. தகியுத்தீன் செய்த பல்சக்கரக் கடிகாரம் மணி, நிமிடம், வினாடி மூன்றையும் தனித்தனி முகப்புகளில் காட்டியது.

அரண்மனைக்கோ வினாடியைவிட ஆரூடம் முக்கியம். 1577 நவம்பரில் பெரிய வால்வெள்ளி தோன்றியதும், பாரசீகத்தை வெல்வோம் என்று பலன் சொன்னார் தகியுத்தீன். அடுத்து வந்ததோ கொள்ளைநோய். வானத்தின் இரகசியங்களைத் துருவினால் நாட்டுக்கு ஆகாது என்று தலைமை மார்க்க அறிஞர் சுல்தானிடம் எடுத்துரைத்தார்.

மதம் அறிவியலை வீழ்த்தியது என்று இத்தோடு கதையை முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஆய்வகத்துக்காகப் பரிந்து பேசிய சாதெத்தீனும் மார்க்க அறிஞர்தான். பின்னாளில் அதே தலைமைப் பதவியில் அமர்ந்தவர். இன்னொரு புரவலரான பிரதம அமைச்சர் சோகொல்லு மெஹ்மத் பாஷா 1579 அக்டோபரில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அடுத்த மூன்று மாதங்களுக்கெல்லாம் ஆய்வகம் தரைமட்டமானது. வானியலுக்குத் தடை ஏதும் வரவில்லை: பள்ளிவாசல்களில் நேரம் கணிப்போர் தொடர்ந்தார்கள், தலைமைக் கணியர் பதவியும் பேரரசின் கடைசிக் காலம் வரை நீடித்தது.

போனது நீண்டகால அளவீடு. சனி ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். இத்தகைய கோள்களை அளக்க, ஆளும் தரப்பின் மனம் பல்லாண்டுகள் மாறாதிருக்க வேண்டும். அதே காலத்தில் டென்மார்க் மன்னரின் பணத்தில் ஹ்வென் தீவில் ஆய்வகம் கட்டிய வானியலாளர் டைக்கோ பிராஹேயும் அடுத்த மன்னருடன் ஒத்துப்போகாமல் 1597இல் வெளியேறினார். ஆனால் அதற்குள் அவருக்கு இருபது ஆண்டுகள் கிடைத்திருந்தன. அவர் கையோடு கொண்டுபோன செவ்வாய்க் குறிப்புகளிலிருந்துதான் கோள்களின் பாதை நீள்வட்டம் என்று வானியலாளர் கெப்ளர் கண்டறிந்தார்.