காம்ப்ளிகேஷன்: சிக்கலா, இடையூறா?

போன மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. மலேசியாவில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். பெருங்குடலில் கட்டி. அந்தத் துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாள் இருக்கும். பேசிய தாதி தமிழ்ப் பெண்தான். அச்சடித்த தமிழ்க் கேள்வித்தாளை அப்படியே வாசித்தார். "அறுவை சிகிச்சைக்குப் பின் சிக்கல் ஏதும் ஏற்பட்டதாம்மா?"

அக்கா கொஞ்சம் கூச்சத்தோடு, "சிக்கலெல்லாம் இல்லம்மா. தினமும் காலையில நல்லா போயிடுது" என்றார். தாதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

போனை வைத்ததும் அக்கா என் பக்கம் திரும்பி, "காயம் மட்டும் ஈரமாவே இருக்கு தம்பி, என்னன்னு பாரேன்" என்றார். கட்டுத்துணி மஞ்சளாக நனைந்து கிடந்தது. அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டது. மகன் மருத்துவமனை வார்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு தையலைப் பிரித்துச் சீழை வெளியேற்றி, நோய்க்கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். கேள்வித்தாளில் மட்டும் "சிக்கல் இல்லை".

மலாயிலிருந்து தமிழுக்கு மாற்றுவதே என் பிழைப்பு. அறுவைக்குப் பின் இப்படி நேர்வதை ஆங்கிலத்தில் காம்ப்ளிகேஷன் என்பார்கள். அதற்குச் 'சிக்கல்' என்று போடுவதை எத்தனையோ தாள்களில் பார்த்திருக்கிறேன், நானும் போட்டிருக்கிறேன். இனி போடுவதாக இல்லை.

சொல்லின் மூலம் லத்தீன். 'கொம்' என்றால் சேர்த்து, 'ப்ளிகாரே' என்றால் மடித்தல். ஒன்றோடொன்று மடிந்து கிடப்பது. மலாயில் கொம்ப்ளிகாசி. அவ்வளவுதான் கதை. 'சிக்கல்' பக்கம் நிற்பவர்கள் இந்த மூலத்தைத்தான் காட்டுவார்கள். முடியில் விழும் சிக்கு, நூலில் விழும் சிக்கு, அதிலிருந்து சிக்கல். லத்தீனோடு எவ்வளவு பொருத்தம் பாருங்கள் என்பார்கள். பொருத்தம்தான். ஆனால் சொல்லைக் கேட்கப்போவது லத்தீன்காரர் இல்லை, வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் நம் அக்கா. வயிற்றுப் பேச்சில் சிக்கல் என்றால் தமிழனுக்கு மலச்சிக்கல்தான். 'மல' என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு நாமே விட்டுவிட்டோம், மிச்சம் நின்றது சிக்கல். குடலை வெட்டித் தைத்தவரிடம் போய் இந்தச் சொல்லில் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 'சிக்கலான அறுவை' என்றால் செய்வதற்குக் கடினமான அறுவை. 'சிக்கல் இல்லாத அறுவை' என்றால்? சுலபமாக முடிந்ததா, முடிந்தபின் ஒன்றும் நேரவில்லையா? ஒரு மருத்துவமனையின் கவனிப்பு எப்படி என்று அளக்க வருபவர் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கட்டி முற்றி வந்தவர்கள் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் பெரிய மருத்துவமனையில் இப்படிப் பின்னால் நேர்வதன் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். அதை வைத்து மட்டும் அங்கே கவனிப்பு மோசம் என்று எழுதினால் அநியாயம். அதனால்தான் நோயாளியின் நிலையையும் அறுவையின் கடினத்தையும் கணக்கில் சேர்த்துப் பிறகு ஒப்பிடுகிறார்கள். கடினத்துக்கும் சிக்கல், பின்னால் நேர்வதற்கும் சிக்கல் என்றால் அந்த அறிக்கையைத் தமிழில் எழுதவே முடியாது. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சரி, மருத்துவர்கள் இதற்கு என்ன பொருள் வைத்திருக்கிறார்கள்? 1992இல் அறுவை மருத்துவர் கிளாவியனும் உடன் பணியாற்றியவர்களும் மூன்றைப் பிரித்துக் காட்டினார்கள். தேறிவரும் வழக்கமான போக்கிலிருந்து விலகி நேர்வது ஒன்று; அதுதான் காம்ப்ளிகேஷன். அறுவையோடு கூடவே வருவது இன்னொன்று. காலை எடுத்தால் நடக்க முடியாமல் போவதைப் போல. எதற்காக அறுத்தார்களோ அது நிறைவேறாமல் போவது மூன்றாவது. கட்டியில் மிச்சம் உள்ளே நின்றுவிடுவதைப் போல. இதைப் படித்தால் 'பின்விளைவு' என்ற சொல்லும் கழன்றுவிடும், அது இரண்டாவதற்கு உரியது. 'பக்கவிளைவு' மருந்துக்குச் சொல்வது. மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறதே, அது பக்கவிளைவு. தைத்த குடல் கசிந்து வயிற்றுக்குள் பரவுவதைப் பக்கவிளைவு என்று எழுதுகிறவர் அந்த வலியை நினைத்துப் பார்க்கவில்லை. ஆயுர்வேதத்தில் 'உபத்திரவம்' சரியாக இதே பொருளில்தான் வழங்குகிறது. ஆனால் தமிழில் அது தொல்லை கொடுப்பதாகத் திரிந்துவிட்டது, திருப்ப முடியாது.

என் சொல் இடையூறு. கெடு கேடு ஆவதுபோல, பெறு பேறு ஆவதுபோல, உறு என்பது ஊறு ஆகும். வந்து உறுவது ஊறு. வினைத்திட்பத்தில் வள்ளுவர் 'ஊறொரால்' என்கிறார்: ஊறு வராமல் பார்த்துக்கொள், வந்துவிட்டால் தளராதே. அறுவை மருத்துவருக்கே சொன்னதுபோல் இருக்கிறது. தனியாக 'ஊறு' என்றால் இன்று ஊறுகாய்தான் நினைவுக்கு வரும், அதனால் இடையூறே மேல். கத்தி வைத்த நாளுக்கும் முழுதாகத் தேறும் நாளுக்கும் இடையில் வந்து உறுவது. போக்கிலிருந்து விலகல் என்ற மருத்துவப் பொருள் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. சாலையில் குழி தோண்டினாலும் இடையூறுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், அங்கேயும் போகிற வழியில் குறுக்கே வருவதுதான். பொருள் மாறவில்லையே.

நோயாளியிடம் கேட்கும்போது எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். காய்ச்சல் உண்டா, காயத்தில் சீழோ ஈரமோ உண்டா, வயிறு உப்பி வாந்தி வருகிறதா, கால் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பதிலைப் பதியும் இடத்தில்தான் 'இடையூறு' என்ற சொல் வேண்டும். வழக்கமாக அறுவை நடந்து 30 நாள் வரைக்கும் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் ஒரு பகுதி போனில் கிடைக்கும் பதிலை நம்பி இருக்கும்போது, கேள்வியைத் தமிழாக்குபவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று யோசியுங்கள். மலாய்ச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவிட்டுப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. எழுதியதை ஒரு நோயாளியிடம் வாசித்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று. 2004இல் சூரிக்கில் டிண்டோ, டெமார்ட்டின், கிளாவியன் மூவரும் 6,336 நோயாளிகளிடம் சரிபார்த்து வெளியிட்ட இடையூறு வகைப்பாடு இன்று உலகமெங்கும் நடப்பில் இருக்கிறது. சிறியது, பெரியது என்று ஆளுக்கொரு விதமாக எழுதிக்கொண்டிருந்ததை விட்டு, சரிசெய்ய என்ன தேவைப்பட்டது என்று பார்த்து ஐந்தாக வகுத்தார்கள். காய்ச்சல், வலி மாத்திரை போன்றவற்றோடு தீர்ந்தால் ஒன்று. வேறு மருந்தோ இரத்தம் ஏற்றுவதோ தேவைப்பட்டால் இரண்டு. மறுபடி அறுக்கவோ குழாய் செருகவோ நேர்ந்தால் மூன்று. உயிருக்கு ஆபத்தாகித் தீவிர சிகிச்சை தேவைப்பட்டால் நான்கு. இறப்பு ஐந்து. இதைத் தமிழில் 'தரம் 1, தரம் 2' என்று போடுகிறார்கள். மருத்துவமனையின் தரத்தை அளக்கும் தாளிலேயே சாவுக்குத் 'தரம் 5' என்று போட்டால் படிப்பவர் என்ன நினைப்பார்? 'படி' என்று எழுதலாம். அக்காவுக்கு நேர்ந்தது இரண்டாம் படி இடையூறு.