இடிக்காமலே இழுபடும் விண்மீன் திரள்

ஆலங்காயத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “எம்51 என்ற விண்மீன் திரளின் படத்தில் பெரிய திரளின் சுருள் கை நுனியில் சின்னத் திரள் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இடிக்காதா?”

இடிக்காது. சூரியனை 2 மில்லிமீட்டர் கடுகாகச் சுருக்கி வாணியம்பாடியில் வைத்தால், அடுத்த நட்சத்திரக் கடுகு வேலூரில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும். திரளுக்குள் திரள் புகுந்து வெளியேறினாலும் கடுகோடு கடுகு உரசுவது அபூர்வம்.

ஆனால் உருவம் குலையும். எம்51 இருப்பது சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவில். 1845-இல் அயர்லாந்தின் ராஸ் பிரபு 1.8 மீட்டர் ஆடி பொருத்திய தொலைநோக்கியில் பார்த்து அதன் சுருளை வரைந்தார். பக்கத்துத் திரள் என்ஜிசி 5195. அது நெருங்கிக் கடந்தபோது செய்த வேலைக்குப் பெயர் ஓதம். கடலில் நிலா செய்கிற அதே வேலை. ஓதம் என்பது ஈர்ப்பு அல்ல, அருகுப் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் உள்ள ஈர்ப்பின் வித்தியாசம். ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்தில் குறையும். ஓதம் தூரத்தின் கனத்தில் (மும்மடியில்) குறையும். தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்குதான். (குருப் பெயர்ச்சிக்கு அஞ்சுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: வியாழன் நமக்கு மிக அருகில் வரும்போதும் அதன் ஓதவிசை நிலாவினுடையதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.)

அருகுப் பக்க நட்சத்திரங்கள் விருந்தாளியை நோக்கி இழுபட்டுப் பாலமாகின்றன. மறுபக்கத்தவை பின்தங்கி வாலாகின்றன. தட்டுப்போன்ற பெரிய திரள் சுழல்வதாலும், உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சீக்கிரம் ஒரு சுற்றை முடிப்பதாலும் இரண்டும் சுருள்கின்றன.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: விருந்தாளி எந்தத் திசையில் கடக்கிறது? தட்டு சுழலும் திசையிலேயே கடந்தால் நட்சத்திரங்கள் நெடுநேரம் அதன் பிடியில் இருக்கும். ஓடும் பேருந்தோடு கூடவே ஓடுகிறவன் கம்பியைப் பிடித்துவிடலாம். எதிரே வருகிறவனுக்குத் தூசிதான் மிச்சம். எதிர்த்திசைக் கடப்பில் கைகள் அவ்வளவாக நீளாது.

இதை 1941-இல் ஸ்வீடனின் வானியலாளர் எரிக் ஹோம்பர்க் கணினி இல்லாமலே சோதித்தார். ஒளியும் ஈர்ப்பைப் போலத் தூரத்தின் வர்க்கத்தில் குறைகிறதல்லவா? ஒரு திரளுக்கு 37 என்று 74 பல்புகளை மேசைமேல் பரப்பினார். ஒவ்வொரு பல்பின் இடத்திலும் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று ஒளிமின்கலத்தால் அளந்தார். அந்த அளவுக்கு, அந்தத் திசையில் பல்பை நகர்த்தினார். திரும்ப அளந்தார், திரும்ப நகர்த்தினார். கைகள் முளைத்தன! 1972-இல் டூம்ரே சகோதரர்கள் கணினியில் எம்51-இன் பாலத்தையும் வாலையும் வரவழைத்தார்கள். மேசையும் பல்பும் வைத்துச் செய்ததைப் பார்த்தபின், கருவி வாங்கக் காசில்லை என்ற பேச்சைப் பாதிதான் நம்ப முடிகிறது.

நட்சத்திரம் மோதாது, வாயு மோதும். மேகங்கள் நெருக்குண்டு புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன; படத்தில் தெரியும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் அவற்றின் ஒளியால் ஒளிரும் வாயுதான். பிறப்பவற்றில் பெருத்தவை சீக்கிரமே வெடிக்கும்: 1994, 2005, 2011 என்று 17 ஆண்டுகளில் மூன்று வெடிப்புகளை எம்51-இல் பார்த்தார்கள்.

நேரில் பார்க்க ஏப்ரல், மே மாத முன்னிரவு ஏற்றது. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் மரீசி. அங்கிருந்து தென்மேற்கே மூன்றரை பாகை, நீட்டிய கையில் இரண்டு விரல் அகலம். காவலூர் மலையிலிருந்து வட வானில் 55 பாகை உயரம்வரை ஏறும். 8 அங்குலத் தொலைநோக்கி போதும், நிலா இருக்கக் கூடாது. பலரும் உருப்பெருக்கத்தைக் கூட்டிக் கெடுத்துக்கொள்கிறார்கள், கூட்டக்கூட மங்கும். கண்ணைச் சற்று ஓரமாகத் திருப்புங்கள், இரண்டு பஞ்சுப்பொதிகள் தெரியும். கைகள் தெரிய இருபது நிமிடமாவது இருட்டில் கண் பழக வேண்டும், அதற்குள் யாரும் செல்போனை எடுக்காமல் இருந்தால்.