அழுகிற விசுவாசியிடம் "சந்தோஷமாயிரு" என்று சொல்லாதீர்கள்

மறுபடியும் அதே கதை. கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா, பள்ளி ஆசிரியை. தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்று வந்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பித்தோம். சில வாரங்களில், "அக்கா சமையல்கட்டில் கீர்த்தனை முணுமுணுக்குது டாக்டர்" என்று தங்கை சொன்னார். அப்புறம் ஆளைக் காணோம். இப்போது இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறார்கள். உபவாச ஜெபத்துக்கு வந்த ஒருவர், "விசுவாசிக்கு எதுக்கும்மா நரம்பு மாத்திரை? எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்னு வசனமே இருக்கே" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். பைபிள் உறைக்குள், புத்தாண்டு வாக்குத்தத்த கார்டுக்குப் பின்னால், நாலே நாலு எடுத்த மாத்திரை அட்டை அப்படியே இருந்தது.

ஒருவர் இருவர் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். நானும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன்தான். அதனால்தான் கோபம் வருகிறது.

"கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்பது பிலிப்பியர் நிருபத்தில் இருக்கிறது. அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதம் அது, எழுதியது சிறைக் காவலில் இருந்துகொண்டு. தயவுசெய்து அந்த நாலு அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். இரண்டாம் அதிகாரத்தில், அந்தச் சபையார் பவுலுக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்தது வருகிறது. அவர் பிழைத்தது தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வராதபடிக்கு தேவன் காட்டிய இரக்கம் என்று பவுல் எழுதுகிறார். துக்கமே தெரியாதவர் எழுதுகிற வரியா இது? மூன்றாம் அதிகாரத்தில் கண்ணீரோடு சொல்லுகிறேன் என்கிறார். நாலாம் அதிகாரத்தில், பிலிப்பி சபையார் அனுப்பி வைத்த உதவி வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்கிறார். கண்ணீரும் வியாதியும் உதவிக்கு வந்த ஆட்களும் இருக்கிற அதே கடிதத்தில்தான் அந்தச் சந்தோஷமும் இருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் உருவி எடுத்துத் துக்கவீட்டில் நீட்டினால், அழுகிறவளுக்குக் கேட்பது ஒன்றுதான்: "உனக்கு விசுவாசம் பத்தாது." புருஷன் போன துக்கத்தோடு குற்ற உணர்ச்சியையும் சுமக்கிறாள். இந்தக் குற்ற உணர்ச்சியை ஓபியில் தினமும் பார்க்கிறேன். மனச்சோர்வு நோய் ஏற்கெனவே "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று உள்ளே ஓதிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்தும் அதையே சொன்னால் என்ன ஆகும்?

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். தேவதூதன் வந்து அதட்டவில்லை. தட்டி எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். போக வேண்டிய தூரம் அதிகம் என்றான். அந்தப் பலத்தில்தான் எலியா ஓரேப் மலை வரைக்கும் நடந்தார். தூக்கமும் சாப்பாடும்தான் நாங்களும் முதலில் கேட்கிற கேள்வி.

விசுவாசம் தெம்பு தருவதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரிய பிரசங்கம் எதுவும் இல்லாமல், பெண்கள் ஐக்கியத்து அம்மாக்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவருவார்கள். ஒருத்தி குடும்ப பென்ஷன் காகிதங்களை எடுத்துக்கொண்டு கூடவே அலுவலகத்துக்கு அலைவாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு சங்கீதம் வாசிப்பாள், 88-ஆம் சங்கீதமாக இருந்தாலும் சரி. அது இருளில்தான் முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. அப்படி ஒருத்தி பக்கத்தில் இருக்கிற நோயாளிக்கு மாத்திரை தப்புவதில்லை, அடுத்த ஓபி தேதியும் தப்புவதில்லை. கொஞ்ச நாளில் முகத்தில் தானாகவே ஒரு வெளிச்சம் வரும். அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

மாத்திரை எடுப்பவர்களுக்கு: இது வேலை செய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். குணமானது போலத் தெரிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலாம், தூக்கம் கெடலாம், நோயும் திரும்பலாம். நிறுத்த ஆசையா? என்னிடம் வந்து கேளுங்கள், படிப்படியாகக் குறைப்போம். கர்த்தர் குணமாக்கிவிட்டார் என்று சபையில் சாட்சி சொல்வதற்காக நிறுத்தாதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டே சாட்சி சொல்லலாம். பவுலோடு ஊர் ஊராகப் போன லூக்கா ஒரு வைத்தியர்தானே.

வீட்டாருக்கு: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் கூட்டி வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே வாருங்கள். தனியாக விடாதீர்கள். நடுராத்திரியிலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சபை ஐயர்மாரே, பாஸ்டர்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கைவைத்து ஜெபியுங்கள், எண்ணெய் பூசுங்கள், உபவாசம் இருங்கள். ஜெபம் முடிந்ததும், "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் பத்துத் தடவை சொல்வதைவிட நீங்கள் ஒரு தடவை கேட்டால் அவர்கள் போடுவார்கள்.