திசைவியா, வழிப்படுத்தியா, பேசாமல் ரூட்டரா?

போன மாதம் கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் இருக்கிற ஒரு கடைக்கு ரூட்டர் வாங்கப் போனேன். மருமகள் உயர்தரம் படிக்கிறாள், பின்னேரம் முழுக்க சூம் வகுப்பு, என்னுடைய போனின் ஹொட்ஸ்பொட்டை நம்பி இனிச் சரிவராது என்ற நிலைமை. கையில் பத்தாயிரம் ரூபாய், அதற்கு மேல் சதமும் இல்லை. கடைத் தம்பி மற்ற ஆட்களைக் கவனித்துவிட்டு வரும்வரை வாசித்துக்கொண்டிருக்கும்படி ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தந்தார். “குறைந்த செலவில் உங்கள் வீட்டிற்கான சிறந்த திசைவியைத் தேர்ந்தெடுங்கள்” என்று தலைப்பு. கீழே பார்த்தால் “இரட்டை இசைக்குழு”, “நீண்ட வரம்பு”, “நான்கு துறைமுகங்கள்”.

இரண்டு இசைக்குழு எங்கள் கோயில் திருவிழாவுக்கே கட்டுப்படியாகாது. வரம்பு என்றால் வன்னியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், வயலுக்குக் கட்டுகிறது, நீளமாக இருந்தால் கட்டுக்கூலி கூட. துறைமுகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவை எல்லாம் பேண்ட், ரேஞ்ச், போர்ட் என்ற ஆங்கிலச் சொற்களை மெஷினுக்குள் போட்டு எடுத்த தமிழ், சிரித்துவிட்டுப் போகலாம். ரூட்டருக்குத் தமிழாகப் பக்கத்திலே இருந்த திசைவி அப்படியில்லை. அதை யாரோ படித்த மனிசர் யோசித்துத்தான் உண்டாக்கியிருக்கிறார்கள், கலைச்சொல் பட்டியல்களில் ஏறி, கட்டுரைகளில் ஏறி, இப்போது விளம்பரம் வரைக்கும் வந்து நிற்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

முதலில் மூலச்சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ரூட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் ரூப்தா என்றால் உடைக்கப்பட்டது, அதாவது உடைத்து உண்டாக்கிய வழி. காடு வெட்டிப் பாதை எடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கணினி உலகத்தில் இந்த வேலையைச் செய்த முதல் பெட்டிகள் 1969 இல் அமெரிக்காவின் ஆர்பாநெட் வலையமைப்பில் வந்தன, அப்போது அவற்றுக்கு ரூட்டர் என்ற பெயரே இல்லை. 1981 இல் வந்த இணைய நெறிமுறை ஆவணத்தில்கூட கேட்வே என்றுதான் இருக்கிறது. கேட்வேயை நுழைவாயில் என்று எழுதுகிறார்கள். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வெயிலுக்குள் வரிசையில் நின்றவர்களுக்கு நுழைவாயில் என்ன செய்யும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை, அந்தச் சொல் இருக்கட்டும்.

சரி, ரூட்டர் என்ன செய்கிறது? நாங்கள் அனுப்புகிற ஒவ்வொன்றும் சின்னச் சின்னப் பொதிகளாக உடைந்து போகிறது. ஒவ்வொரு பொதியிலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். ரூட்டர் அந்த முகவரியைப் பார்த்து, தன்னிடம் இருக்கிற அட்டவணையைப் பார்த்து, இதை அடுத்ததாக எந்தச் சந்திக்கு விட வேண்டும் என்று முடிவெடுக்கிறது. அடுத்த சந்தியில் இன்னொரு ரூட்டர் அதே வேலையைச் செய்யும். முழுப் பயணமும் ஒருவருக்கும் தெரியாது, அடுத்த படி மட்டுந்தான் தெரியும். இதில் திசை எங்கே வருகிறது?

கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக்குப் போக வேண்டும் என்று வையுங்கள். திசை பார்த்தால் முல்லைத்தீவு தென்கிழக்குப் பக்கம். ஆனால் பரந்தன் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால் அது முதலில் வடக்கே பரந்தன் சந்திக்குப் போய், அங்கே திரும்பித்தான் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வரும். இல்லையென்றால் தெற்கே மாங்குளம் போய், ஒட்டுசுட்டான் பக்கத்தால் போகலாம். ஒன்று வடக்கே தொடங்குகிறது, மற்றது தெற்கே தொடங்குகிறது, இரண்டும் முல்லைத்தீவுக்குத்தான் போகின்றன. திசையை மட்டும் நம்பி இறங்கினவன் காட்டுக்குள்தான் நிற்பான். ரூட்டர் பார்ப்பது வழி. அதற்குக் கிழக்கும் தெரியாது மேற்கும் தெரியாது.

இனி இலக்கணம். தமிழில் கருவிப் பெயர் உண்டாக்க ஓர் அழகான வழி இருக்கிறது, வினையோடு ஓர் இகரத்தைச் சேர்த்துவிட்டால் போதும். ஒலிபெருக்கு ஒலிபெருக்கி ஆகும், மின்மாற்று மின்மாற்றி ஆகும், உலாவு உலாவி ஆகும். ஒலிவாங்கி இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு கூட்டமும் நடக்காது. அப்படியென்றால் திசைவிக்குள் இருக்கிற வினை என்ன? திசைவு என்று யாராவது எப்போதாவது கதைத்திருக்கிறார்களா? திசை என்ற பெயர்ச்சொல்லின் வாலில் வி என்று ஒட்டிவிட்டார்கள், உலாவி மாதிரிக் காதுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. இதைவிடக் கொடுமை, திசை என்பதை வினையாகவே எடுத்தால் அதற்கு ஒரு பொருள் ஏற்கனவே இருக்கிறது. பழந்தமிழில் திசைத்தல் என்றால் திகைத்தல், என்ன செய்வதென்று தெரியாமல் மலைத்து நிற்பது. காட்டில் திகைப்பூண்டை மிதித்தவன் வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவான் என்று பெரியாக்கள் சொல்லுவார்களே, அந்தத் திகைப்பு. அந்தக் கணக்கில் பார்த்தால் திசைவி என்பது வழி காட்டுகிற பெட்டிக்குப் பொருந்தாது, வழி தவறி முழிக்கிற பெட்டிக்குத்தான் பொருந்தும். வகுப்பு நடுவிலே எங்கள் வீட்டுப் பெட்டி சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டு நிற்கிற நேரம் மட்டும் இந்தப் பெயரை ஒத்துக்கொள்ளத் தயார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தமிழ் மாஸ்ரர் இருக்கிறார், திசைவியின் பக்கம் நிற்கிறவர். அவருடைய வாதம் இரண்டு. ஒன்று, சொல் குட்டியாக இருக்கிறது, மூன்றே எழுத்து. மற்றது, தூய தமிழ். முதலாவதுக்கு என்னிடம் பதில் இருக்கிறது: குட்டியாக இருக்கிறது என்பதற்காகப் பிழையான சொல்லை வைத்திருக்க முடியாது, அப்படிப் பார்த்தால் டப்பா என்பதும் மூன்றே எழுத்துத்தான். இரண்டாவதுக்கு நான் சொன்னேன், மாஸ்ரர், திசையையே வடமொழிக் கணக்கில் எழுதுகிற ஆட்களும் இருக்கிறார்கள், நீங்கள் முதலில் அவர்களோடு முடித்துவிட்டு வாங்கோ. அவர் சிரித்துவிட்டு, அது எப்பவோ தமிழாகிப் போய்விட்டது என்றார். எப்பவோ வந்தது தமிழாகலாம் என்றால் ரூட்டருக்கும் ஒரு இருநூறு வருசம் கொடுப்போமே. தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், வடசொல் என்பவற்றோடு திசைச்சொல் என்றும் ஒன்றை வைத்து, வேற்று நிலத்துச் சொல்லுக்குச் செய்யுளிலேயே இடம் கொடுத்திருக்கிறார். திசைவியைவிட ரூட்டர்தான் சரியான திசைச்சொல் என்று நான் சொன்னது மாஸ்ரருக்குப் பிடிக்கவில்லை.

இந்தச் சொல் சும்மா ஏட்டில் கிடந்தால் பரவாயில்லை, அது மனிசரின் கையைக் காலைப் பிழையாக அசைக்கிறது. பக்கத்து வீட்டு மாமிக்கு மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ரூட்டர் எடுத்துக் கொடுத்தான். பெட்டியோடு வந்த தமிழ்த் தாளில் திசைவி என்று இருந்ததை வாசித்துவிட்டு, மாமி அன்ரனாக்களை இந்தியாப் பக்கம் திருப்பி வைத்திருந்தா. அந்தக் காலத்தில் ரீவி அன்ரனாவைத் தடியில் கட்டி, ஒருவர் கூரையில், ஒருவர் வாசலில் நின்று “இப்ப வருதா, இப்ப வருதா” என்று கத்தித் தூரதர்சன் பிடித்த கை, அது அப்படித்தான் செய்யும். வீட்டு ரூட்டரின் தடி அன்ரனாவோ நாலு பக்கமும் ஒரே மாதிரிப் பரப்புவது. நிமிர்த்தி வைத்து, வீட்டுக்கு நடுவில், கொஞ்சம் உயரத்தில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்காமல் வைத்தால் காணும். திசையே இல்லாத சாமானுக்குத் திசைவி என்று பெயர்.

அப்ப வேறு என்ன சொல்லலாம்? வழிச்செலுத்தி என்று சிலர் எழுதுகிறார்கள். பொருள் கிட்ட வருகிறது, ஆனால் வழிச்செலுத்தல் என்பதைக் கப்பலுக்கும் விமானத்துக்கும் வரைபடச் செயலிக்கும் ஏற்கனவே கொடுத்தாயிற்று. மடைமாற்றி என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீரை முறைக்குத் திறந்து இந்த வயலுக்கு, அந்த வயலுக்கு என்று பிரித்துவிடுகிறதை நினைத்தால் படம் வடிவாகத்தான் வருகிறது, ஆனால் மடைமாற்றுதல் என்றாலே இப்போது யாரோ காசை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டார்கள் என்ற வாடை அடிக்கிறது. மனதுக்கு மிகவும் பிடித்தது ஆற்றுப்படுத்தி. ஆறு என்றால் வழி. பரிசு வாங்கி வந்த பாணன், வழியில் கண்ட இன்னொரு பாணனுக்கு “இப்படிப் போ, இன்ன இடத்தில் இன்னாரைக் காண்பாய்” என்று சொல்லி அனுப்புவதுதான் ஆற்றுப்படை. ரூட்டர் செய்வது அச்சொட்டாக அதே வேலை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆற்றுப்படுத்தல் என்றால் வேறு. 2009 இல் போர் முடிந்த பிறகு முகாமிலும் பள்ளிக்கூடத்திலும் மனம் உடைந்த சனத்தோடு இருந்து கதைத்தவர்கள் ஆற்றுப்படுத்துநர்கள். அந்தச் சொல்லை எடுத்து ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் வழிப்படுத்தி. வழிப்படுத்து என்ற வினை உயிரோடு இருக்கிறது, அதில் இகரம் சேர்ந்து கருவியாகிறது, கேட்டவுடனே ஏதோ வழியில் விடுகிற சாமான் என்று விளங்குகிறது. ஒழுக்கம் சொல்லித்தருகிற வாத்தியார் மாதிரி ஒரு தொனி இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். இருக்கட்டும், அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. எழுத்தில் நான் இதைத்தான் போடுவேன்.

அன்றைய கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துண்டுப்பிரசுரத்தை நம்பி ஒரு “திசைவி” வாங்கி, விசுவமடுவுக்குப் பஸ்ஸில் கொண்டுவந்து பிரித்தால், சிம் போட இடமே இல்லை. எங்கள் ஒழுங்கைக்கு ஒளியிழை இணைப்பு இன்னும் வரவில்லை, வீட்டில் சிம்மை நம்பித்தான் எல்லாம். ரூட்டர் வேறு, மோடம் வேறு. வெளியிலிருந்து வருகிற சைகையைப் பிடித்து மாற்றித் தருவது மோடம், வந்ததை வீட்டுக்குள் பங்கிட்டு விடுவது ரூட்டர். சில பெட்டியில் இரண்டும் ஒன்றாக இருக்கும், சிலதில் இருக்காது. அந்தத் தாளில் மோடம் இருக்கிற பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் ஒரே பெயர், திசைவி. திருப்பிக் கொண்டுபோனபோது தம்பி சொன்னது: “அண்ணை, சிம் போடுற ரூட்டர் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா முதலே எடுத்துத் தந்திருப்பனே.” ஒரு நாள் போனது, இரண்டு பஸ் காசு போனது.

மொழிபெயர்க்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதுகிற சாமானை ஒருக்கால் கையில் எடுத்துப் பாருங்கோ. பேண்ட் என்பது அலைவரிசைப் பட்டை. 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டை சுவர் தாண்டித் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகம், ஆனால் இரண்டு கல்லுச்சுவர் தாண்டினால் களைத்துவிடும். இரண்டும் இருக்கிற பெட்டியை இரட்டைப் பட்டை என்று எழுதினால் வாங்குகிறவருக்குப் பிரயோசனம். ரேஞ்ச் என்றால் எட்டும் தூரம், வரம்பு அல்ல. போர்ட் என்றால் வயர் குத்துகிற வாய், செருகுவாய் என்று எழுதலாம். அந்த வாய் 100 மெகாபிட் வாயா, ஆயிரம் மெகாபிட் வாயா என்று போடுங்கோ, ஏனென்றால் வாய் 100 என்றால் பெட்டியில் என்ன பெரிய எண்ணைக் கொட்டை எழுத்தில் அடித்திருந்தாலும் வயர் வழியாக அதற்கு மேல் வராது. சில பெட்டியில் அடித்திருக்கிற 1200 என்ற எண்ணே இரண்டு பட்டையின் வேகத்தையும், 300 ஐயும் 867 ஐயும் கூட்டி, வருகிற 1167 ஐ மேலே தள்ளி எழுதினதுதான். நெட்வேர்க்கைப் பிணையம் என்று எழுதுகிறவர்களுக்கு, எங்கள் ஊரில் பிணை என்றால் நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்து ஆளை வெளியில் எடுப்பது. விருந்தினர் பிணையம் என்று வாசித்தால் வந்த விருந்தாளியை யாரோ பிடித்துவிட்டார்கள் என்று பதறிப்போவோம். வலையமைப்பு என்று நல்ல சொல் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோமே.

கடையில் போய் வழிப்படுத்தி தாங்கோ என்று கேட்கச் சொல்லவில்லை, நானும் கேட்கமாட்டேன். ரான்ஸ்போமர் வெடித்துப்போச்சு என்று ஊர் முழுக்கக் கதைப்போம், மின்சார சபைக்குக் கடிதம் எழுதும்போது மின்மாற்றி என்று எழுதுவோம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் எத்தனையோ வருசமாக இருக்கின்றன. ரூட்டரும் வழிப்படுத்தியும் அப்படி இருக்கலாம். ஒன்று மட்டும், ரூட்டர் என்றே எழுதுங்கோ, அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டுவிட்டு ரவுட்டர் என்று எழுத வேண்டாம். அது மரத்தில் தவாளிப்பு எடுக்கிற மெஷினின் பெயர். போன கிழமை எங்கள் வீட்டு ரவுட்டர் பழுது என்று மருமகள் போட்ட வட்சப் செய்தியைப் பார்த்துவிட்டு, சந்தியில் தச்சுப்பட்டறை வைத்திருக்கிற அண்ணை புது பிளேட்டோடு வந்து படலையில் நின்றார்.