பெரட்டுக்குத் தமிழ் என்ன?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் போன வாரம் கேட்டான். தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லாரையும் நிற்க வைத்து, நேற்றைய உற்பத்திக் கணக்கு சொல்லி, பாதுகாப்பு பற்றிப் பேசி, கடைசியில் கைதட்டிக் கலைகிறார்களாம். 'இது நம்ம கம்பெனி' என்ற எண்ணம் வளரத்தான் இந்த ஏற்பாடாம். "இதுக்குத் தமிழ்ல என்ன சித்தப்பா?" என்றான். "பெரட்டு" என்று வாய் சட்டென்று சொல்லிவிட்டது.

கித்தா தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருட்டு விலகுமுன் ஆபீஸ் முன்னால் ஆட்கள் கூடுவார்கள். கணக்கெழுதும் கிராணி செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார், வேலையை மேற்பார்க்கும் தண்டல் அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் அத்தனை அவசரம். பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு.

சொல்லைப் பிரட்டு என்றும் எழுதுவார்கள். புரட்டுக்கும் இதற்கும் உறவில்லை, கோழிப் பிரட்டலுக்கும் இல்லை. பட்டாளத்தார் வரிசையில் நிற்பதைக் குறிக்கும் ஆங்கிலப் 'பரேட்'தான் தோட்டத்து வாயில் இப்படித் தேய்ந்தது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது. இன்னும் பின்னால் போனால் 'ஆயத்தம் செய்' என்ற பொருளுள்ள லத்தீன் வினையில் போய் நிற்கும். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் இதே சொல் உண்டு, கூடும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர்.

அகராதியைத் திறந்தால் அணிவகுப்பு என்று இருக்கும். அது சுதந்திர தினத்துக்குச் சரி. பெயரழைப்பு என்றால் பாதி வேலையைத்தான் சொன்னதாகும். அண்ணன் மகன் 'பணியிடச் சடங்கு' என்று எழுதி வைத்திருந்தான். அதை அடித்துவிடச் சொன்னேன். 'சும்மா சடங்குக்குச் செஞ்சாங்க' என்பது நம் பேச்சில் வசவு. அதோடு சடங்கு என்றதும் பாதிப் பேருக்குப் பெண் பிள்ளைக்குச் செய்யும் சடங்குதான் நினைவுக்கு வரும். நம் தமிழ்ப்பள்ளிகளில் சபைகூடல் என்ற அழகான சொல் இருக்கிறது. அதை ஒட்டிக் காலைக்கூடல் என்று வைத்துக்கொள்ளலாம்.

'நம்ம கம்பெனி' என்ற எண்ணத்துக்கு உடைமையுணர்வு என்கிறார்கள் சிலர். உடைமை பெட்டியில் வைத்துப் பூட்டுவது. 'உரிமையோட கேக்கிறேன்' என்கிறோமே, அந்த உரிமைதான் இங்கே வேண்டியது. எனவே உரிமையுணர்வு.

பழைய பெரட்டில் அந்த உணர்வு இருந்ததா? எனக்குத் தெரிந்து இல்லை. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிகள் காலத்தில் வேலைக்கு இறங்கிய ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு கிடைத்தது. தலை எண்ணிக்கையில் அவருக்கு இருந்த அக்கறை அதனால் வந்தது. உரிமையைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி கொடுத்து, ஒவ்வொரு கூட்டமும் ஒரு நாள் உபயத்தை ஏற்றுக்கொண்டால், பந்தலில் ஒரு கயிறு அவிழ்ந்தாலும் பத்துப் பேர் ஓடுவார்கள்.

கோயிலுக்கு வெளியே அப்படி ஒன்று நடந்தது தோட்டத் துண்டாடல் காலத்தில். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, ஆட்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த, அப்போது மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு அந்நாட்டுக் காசில் 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் முதலில் வாங்கியது. பால் வெட்டுகிறவரே பங்குதாரரும் ஆனார். அப்படிப்பட்டவர் 'நம்ம தோட்டம்' என்று சொல்ல யாரும் கைதட்டச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

அண்ணன் மகன் அறிவிப்புப் பலகையில் 'காலைக்கூடல் 7.50' என்று எழுதிவிட்டான். அங்கே கூட்டிப் பெருக்கும் பழைய தோட்டத்து அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "பெரட்டுதானே தம்பி? அப்புறம் எதுக்குக் கையைத் தட்டுறீங்க?"